முன்னெச்சரிக்கை விமானத்தைச் சோதிப்பதும் மேம்படுத்துவதும்: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், முதுகில் பெரிய தட்டு வைத்துக்கொண்டு பறக்கிற விமானம் எதற்கு? ராடாரைத் தரையிலேயே வைத்தால் போதாதா?" திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதற்கான பதில் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. டச் பே கரையில் நின்று, கடலுக்குப் போகும் ஒரு வள்ளத்தைப் பாருங்கள். முதலில் வள்ளத்தின் உடல் மறையும், அப்புறம் அதில் நிற்கும் ஆள் மறைவார். உடனே கோணேசர் மலைக்கு ஏறிப் பார்த்தால் அதே வள்ளம் மறுபடி தெரியும். கடல் வளைந்திருக்கிறது, ராடார் அலையும் ஏறக்குறைய நேராகவே போகிறது. அவ்வளவுதான் விஷயம். அந்தத் தட்டுக்குள் இருப்பது ராடார்; தூரத்தில் வருவதை முன்கூட்டியே காண அதை மேலே தூக்கிச் செல்வதுதான் முன்னெச்சரிக்கை விமானம்.

கணக்காகச் சொன்னால், ராடார் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று வந்துவிடும். எதிரே வரும் விமானத்தின் உயரத்துக்கும் இதையே செய்து இரண்டையும் கூட்ட வேண்டும். கோணேசர் மலையை 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்கு 30 மீட்டர் மேலே தாழப் பறந்து வரும் ஒன்றை அங்கிருந்து 68 கிலோமீட்டருக்கு உள்ளேதான் பார்க்கலாம். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் அது வந்தால் நமக்குக் கிடைப்பது நாலரை நிமிடம். அதே ராடாரை 9000 மீட்டருக்குக் கொண்டுபோனால் 413 கிலோமீட்டர், அதாவது 27 நிமிடத்துக்கு மேல்.

இந்த நிமிடங்களின் மதிப்பு எங்கள் ஊருக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கே எச்சரிக்கை கிடைக்கவில்லை. ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலைக்கு வந்தபோது ராடார் முன்கூட்டியே காட்டியது. சீனக்குடாவில் இருந்த 261ஆம் படையணியின் ஹரிகேன் விமானங்கள் குண்டு விழுவதற்கு முன்பே மேலே போயிருந்தன. துறைமுகமும் எண்ணெய்க் குதமும் அடிபட்டன என்பது உண்மை. ஆனாலும் அந்த ஹரிகேன்கள் தரையில் நின்றபடியே அழிந்துபோகவில்லை. தாக்குதலுக்கு முன்பே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், ஒரு விமானம்கூட மேல்தளத்தில் இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

சரி, ராடாரை மேலே ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஏற்றுவது சுலபமான பகுதி. மேலே போன ராடார் கீழே பார்க்கிறது. கீழே பார்த்தால் கடல் தெரியும், மலை தெரியும், மட்டக்களப்பு வீதியில் போகும் லொறியும் தெரியும். அந்தக் குவியலிலிருந்து தேவையான ஒன்றைப் பிரித்தெடுக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனையின் உயிர். கீழே வரும் படிகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதைக் காண வேண்டும் என்று எழுதுங்கள்

"400 கிலோமீட்டர் தூரம் பார்க்கும்" என்று விளம்பரத்தில் இருந்தால், எந்த அளவு இலக்கை என்று உடனே கேளுங்கள். ராடாருக்குத் திரும்பி வரும் சக்தி தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கப் பதினாறு மடங்கு சக்தி வேண்டும். திருப்பிப் போட்டால், இலக்கின் ராடார் பரப்பு (அலையைத் திருப்பி அனுப்பும் அளவு) பதினாறில் ஒன்றாகும்போது பார்க்கும் தூரம் பாதியாகும். பெரிய குண்டுவீச்சு விமானத்தை 400 கிலோமீட்டரில் காணும் கருவி, சிறிய ஏவுகணையை அதில் கால்வாசி தூரத்தில்கூடக் காணாமல் போகலாம்.

ஆகவே சோதனைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இலக்கின் அளவு, அதன் உயரம், வேகம், கடலின் நிலை, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை காண வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பொய் இலக்குகள் வரை பொறுக்கலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை எப்படி நிரூபிப்பது என்றும் குறிக்க வேண்டும்: கணக்கிட்டா, கண்ணால் பார்த்தா, தரையில் இயக்கியா, பறந்தா? பறந்து பார்த்த பிறகு இந்தப் பக்கத்தைத் திருத்துவது ஏமாற்று.

இரண்டாம் படி: உடல், மின்சாரம், வெப்பம்

தட்டை முதுகில் வைத்தால் அதன் பின்னால் காற்று கலங்கும். அமெரிக்கக் கடற்படையின் ஈ-2 ஹாக்ஐ விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் நான்கு தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். 7.3 மீட்டர் விட்டமுள்ள தட்டுக்குப் பின்னாலும், கப்பலின் உள்தளத்தில் அடங்கும் உயரத்துக்குள்ளும் விமானம் திசை மாறாமல் பறக்க வேண்டும் என்பதற்காக வந்த வடிவம் அது. போயிங் 737 உடலில் செய்த வெஜ்டெயில் என்ற முன்னெச்சரிக்கை விமானத்துக்கு வயிற்றின் அடியிலும் துடுப்புகள் சேர்த்தார்கள்.

மின்சாரத்தையும் குளிரூட்டலையும் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ராடாருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் முடிகிறது. பிரிட்டனின் நிம்ரோட் ஏஇடபிள்யூ-3 விமானத்தில் அந்த வெப்பத்தை எரிபொருளுக்குள் கடத்தினார்கள். தாங்கியில் பாதிக்கு மேல் எரிபொருள் இருக்கும்வரைதான் அது முழுமையாக வேலை செய்தது. நீண்ட நேரம் மேலே நிற்பதற்கென்றே செய்த விமானத்தில், நேரம் போகப் போக ராடார் தளர்ந்துபோகும் என்றால் என்ன பயன்? காகிதத்திலேயே பிடித்திருக்க வேண்டிய பிழை இது.

மூன்றாம் படி: தரையில் எல்லாவற்றையும் முடியுங்கள்

பறக்கும் ஒரு மணி நேரத்தின் செலவில் ஆய்வுகூடத்தில் பல நாட்கள் வேலை செய்யலாம். முதலில் அன்டெனாவை எதிரொலி இல்லாத அறையில் வைத்து அதன் கதிர் வடிவத்தை அளப்பார்கள். டோர்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் மங்கலான வளையங்கள். அன்டெனாவுக்கும் அப்படிப் பக்கக் கதிர்கள் உண்டு. நடுக்கதிர் வானத்தைப் பார்க்கும்போது பக்கக் கதிர் கீழே நிலத்தைத் தொட்டு, அங்கிருந்து வரும் பெரிய எதிரொலியை உள்ளே கொண்டுவரும். அமெரிக்காவின் ஈ-3 சென்ட்ரி என்ற முன்னெச்சரிக்கை விமானத்தின் அன்டெனாவில் பக்கக் கதிர்களை மிகவும் தாழ்த்துவதற்கு அவ்வளவு பாடுபட்டது இதனால்தான்.

அடுத்து ஒன்றையொன்று குழப்புகிறதா என்ற சோதனை. ஒரு பெரிய கட்டம் போட்டு, வரிசையில் சத்தம் போடும் கருவிகளையும் நிரலில் கேட்கும் கருவிகளையும் எழுதி, ஒவ்வொரு கட்டமாக இயக்கிப் பார்க்க வேண்டும். ராடார் ஓடும்போது வானொலியில் இரைச்சல் வருகிறதா? வானொலியில் பேசினால் ஜிபிஎஸ் தடுமாறுகிறதா? சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் அது கடலுக்கு மேலே போய்த்தான் தெரியவரும். ராடார் ஓடும்போது தரையில் நிற்பவர்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எரிபொருள் நிரப்பலாமா என்பதையும் இங்கேயே அளந்து, தரையில் கோடு போட்டுவிட வேண்டும்.

நான்காம் படி: ராடாரை அணைத்துவிட்டுப் பறங்கள்

முதல் பறப்புகளில் ராடாரைத் தொடவே கூடாது. மாற்றிய உடல் பத்திரமாகப் பறக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் அதிர்வை அளந்து, தரையில் இருப்பவர்கள் சரி என்று சொன்ன பிறகே அடுத்த நிலை. இறக்கையும் தட்டும் தானாக நடுங்கத் தொடங்குகிறதா, வேகம் குறையும்போது மூக்கு எப்படிச் சரிகிறது, ஒரு இயந்திரம் நின்றால் திசை காக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

இந்தப் படியைப் பற்றிப் பேசும்போது என் குரல் தாழ்ந்துவிடும். 1999 ஜனவரி 11ஆம் தேதி, முதுகில் வட்டத் தட்டு பொருத்தி இந்தியா சோதித்துக்கொண்டிருந்த எச்எஸ்-748 விமானம் அரக்கோணம் அருகே விழுந்தது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தத் திட்டம் அத்தோடு நின்றது. பிறகு எம்ப்ரேயர் ஜெட் உடலில், சுழலாத அன்டெனாவோடு நேத்ரா உருவாகி, 2017இல்தான் விமானப்படையிடம் சேர்ந்தது. சோதனை அட்டவணையில் ஒரு நாளை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொல்லும்போது அந்த எட்டுப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ராடாரைப் போட்டுப் பறங்கள்

இதுதான் பெரிய படி. இதைப் புரிந்துகொள்ள, சில வருடங்களுக்கு முன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பலநாள் படகில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுக்கான் அறையில் சிறிய ராடார் திரை. நடுவைச் சுற்றிப் பச்சைத் தவிடு கொட்டியதுபோல அலைகளின் எதிரொலி. ஸ்கிப்பர் ஒரு குமிழைத் திருப்பினார், தவிடு மெல்ல மறைந்து, இரண்டு வள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினார், ஒரு வள்ளத்தைக் காணவில்லை. "பாருங்க சேர், கூட்டினா அலை போகும். இன்னும் கூட்டினா வள்ளமும் போயிடும். எங்க நிப்பாட்டுறது எண்டுதான் தொழில்." எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

விமானத்தில் இருக்கும் ராடார் இந்தக் குமிழுக்குப் பதிலாக டொப்ளர் விளைவை நம்புகிறது. 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில், நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் நேராக வரும் இலக்கு, திரும்பும் அலையின் மீடிறனை 5000 ஹேர்ட்ஸ் கூட்டிவிடும். அசையாத நிலம் கூட்டாது. ஆனால் பார்க்கும் விமானமும் பறக்கிறதே! முன்னால் இருக்கும் கடல் அதை நோக்கி வருவதாகவும், பின்னால் இருப்பது விலகிப் போவதாகவும் தெரியும். அந்த வேகத்தை ஒவ்வொரு திசைக்கும் தனியாகக் கழிக்க வேண்டும்.

இங்கே சோதிக்க வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது குறுக்கே பறக்கும் இலக்கு. நேராக வராமல் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகப் போகும் விமானத்துக்கு டொப்ளர் மாற்றம் இல்லை. நிலத்தோடு நிலமாக மறைந்துவிடும். நல்ல விமானிகளுக்கு இது தெரியும், வேண்டுமென்றே அப்படிப் பறப்பார்கள். ஆகவே சோதனை இலக்கையும் வட்டமாகப் பறக்கவிட்டு, எந்தெந்தக் கோணத்தில் தடம் (திரையில் இலக்கைத் தொடர்ந்து காட்டும் கோடு) அறுகிறது, அறுந்த தடம் எத்தனை நொடியில் திரும்ப ஒட்டுகிறது என்று பதிய வேண்டும்.

இலக்கு விமானத்தில் ஒரு ஜிபிஎஸ் பதிவுக் கருவி கட்டாயம். அது சொல்லும் இடம்தான் உண்மை, ராடார் சொல்வதை அதோடு ஒப்பிட வேண்டும். 300 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பாகை பிழைத்தால் இலக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டப்படும். சுழலும் தட்டென்றால் நேரத்தையும் பாருங்கள்: ஈ-3இன் தட்டு ஒரு சுற்றுக்கு 10 நொடி எடுக்கிறது, அதற்குள் ஜெட் இரண்டரை கிலோமீட்டர் போய்விடும். சுழலாத அன்டெனா அதே இலக்கை உடனே மறுபடி பார்க்கும். ஆனால் நேத்ரா போன்றவை பார்ப்பது 240 பாகை. மூக்கின் முன்னாலும் வாலின் பின்னாலும் மிச்சம் இருக்கும். அதனால் எந்தப் பாதையில் வட்டமிடுவது என்பதும் சோதனையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அப்புறம் பொய் இலக்குகள். நிம்ரோட்டின் ராடார் வீதியில் ஓடும் கார்களையெல்லாம் தடமாக எடுக்க, கணினி திணறியது. ஏறக்குறைய 100 கோடி பவுண்ட் செலவழித்த பிறகு, 1986 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு ஈ-3 வாங்கினார்கள். கடலுக்கு மேல் மட்டும் சோதித்துவிட்டு நல்ல பெறுபேறு என்று சொல்லக் கூடாது. கடல், நிலம், இரண்டும் சேரும் கரை ஆகிய மூன்றும் வேண்டும். கரைதான் கடினம். எங்கள் துறைமுகத்தைப் போலக் குடாக்களும் குன்றுகளும் நூற்றுக்கணக்கான வள்ளங்களும் உள்ள இடத்தை வரைபடத்தில் தேடி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

காலநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், அலையின் எதிரொலி கூடும் என்பது எல்லாருக்கும் விளங்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில்தான் ஒளிந்திருக்கும் ஆபத்து இருக்கிறது. நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று, ஈரமான கடல் காற்றின்மேல் போர்வைபோலப் படியும்போது, ராடார் அலை இரண்டுக்கும் நடுவே குழாய்க்குள் போவதுபோல அடிவானத்தைத் தாண்டி வளைந்து ஓடும். வடக்கில் உயரத்தில் அன்டெனா கட்டித் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு, சில நாட்களில் படம் திடீரென்று தெளிவாவது நினைவிருக்கும். அதே விளைவு ராடாரில் மிகத் தூரத்துக் கரையைப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டும். அந்தக் குழாய்க்கு மேலே பறக்கும் விமானத்துக்கோ, இடையில் ஒரு ஓட்டை விழுந்ததுபோல இலக்கு மறையலாம். கடல் அமைதியாக இருக்கிறது என்று நினைக்கும் நாளில்தான் இது நடக்கும்.

ஆறாம் படி: திரையின் முன்னால் இருப்பவர்கள்

1994 ஏப்ரல் 14ஆம் தேதி வடக்கு ஈராக்கில், ஈ-3 மேலே நின்று கண்காணித்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் தங்கள் நாட்டின் இரண்டு பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்களையே சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். ராடார் பழுதாகி நடந்ததல்ல அது. நண்பனா எதிரியா என்று கேட்கும் கருவி, வானொலிப் பேச்சு, யார் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு ஆகியவை கூடிச் சறுக்கின.

எனவே சோதனைத் திட்டத்தில் ஆளையும் ஒரு பாகமாக எழுத வேண்டும். ஹாக்ஐயில் திரை பார்ப்பவர்கள் மூன்றே பேர். எட்டாவது மணி நேரத்தில், ஐம்பது தடங்கள் ஓடும்போது, அவர் ஒரு புதிய தடத்தைக் கவனிக்க எத்தனை நொடி எடுக்கிறார்? பதற்றத்தில் தவறான பொத்தானை அழுத்துகிறாரா? கப்பலோடும் தரையோடும் தரவு பரிமாறும்போது கடிகாரங்கள் ஒரு நொடி பிசகினால், ஒரே ஜெட் 250 மீட்டர் இடைவெளியில் இரண்டாகத் தெரியும். இரண்டில் ஒன்றை எதிரி என்று யாராவது குறித்துவிட்டால்?

ஏழாம் படி: மேம்படுத்தல்

விமானத்தின் உடல் நாற்பது வருடம் உழைக்கும், அதற்குள் இருக்கும் கணினியின் உதிரிப்பாகம் பத்து வருடத்தில் கடையில் கிடைக்காது. ஆகவே மேம்படுத்தல் தவிர்க்க முடியாதது. ஹாக்ஐ முதலில் பறந்தது 1960 ஒக்டோபரில். 2007 ஓகஸ்டில் பறந்த ஈ-2டி வெளியே பார்க்க அதே வடிவம்தான், உள்ளே ராடார் முழுக்கப் புதியது. ஈ-3இல் அன்டெனாவை அப்படியே விட்டு, அதன் பின்னால் இருக்கும் சமிக்ஞைக் கணினியை மாற்றி, சிறிய இலக்குகளைக் காணும் திறனைக் கூட்டினார்கள்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். முதலில், இப்போது விமானத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். புத்தகத்தில் இருப்பதும் விமானத்தில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. எப்போதோ ஒருவர் அவசரத்துக்கு மாற்றிய வயர் அங்கே இருக்கும். அடுத்து, பழைய கருவியோடு ஒரு சோதனைப் பறப்பு நடத்தி அளவீடுகளை எடுத்து வையுங்கள். இது இல்லாமல், புதியது நன்றாக இருக்கிறது என்று எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? பிறகு ஒரே ஒரு விமானத்தில் மட்டும் பொருத்துங்கள். எடை, சமநிலைப் புள்ளி, மின்சாரம், வெப்பம் நான்கையும் மறுபடி அளந்து, மூன்றாம் படியிலிருந்து திரும்ப வாருங்கள். மென்பொருள் மட்டும்தான் மாறியது என்றாலும், முன்பு சரியாக நடந்ததெல்லாம் இன்னும் நடக்கிறதா என்று பழைய சோதனைகளைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

ஒரு மாற்றம் எங்கெல்லாம் போய் முட்டும் என்பதற்கு ஈ-2டியே உதாரணம். வானில் எரிபொருள் நிரப்பும் குழாயைச் சேர்த்தார்கள். அதனால் பறக்கும் நேரம் கூடியது, கூடவே இருக்கைகளையும் மாற்ற வேண்டி வந்தது. விளக்குகளும் புதிதாகச் சேர்ந்தன. குழாய் என்று தொடங்கியது இடுப்பு வலியில் வந்து நின்றது.

வேகமாக மேம்படுத்த முடியாதா என்றால், முடியும், ஒரு நிபந்தனையோடு. 1982 மே 4ஆம் தேதி, மேலே கண் இல்லாத பிரிட்டிஷ் கப்பற்படையின் ஷெபீல்ட் கப்பலைத் தாழப் பறந்து வந்த எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. அதன் பிறகு 11 வாரத்தில் சீ கிங் ஹெலிகொப்டரின் பக்கத்தில், காற்றடைத்த உறைக்குள் சேர்ச்வோட்டர் ராடாரைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். ஹெலிகொப்டர் தெரிந்தது, ராடார் ஏற்கெனவே வேறொரு விமானத்தில் ஓடியது. தெரிந்த இரண்டைச் சேர்த்தார்கள், அதனால் முடிந்தது. அதே காலத்தில் நிம்ரோட்டில் ராடார் புதிது, கணினி புதிது, உடலோ பழையது. பத்து வருடம் போயும் கரை சேரவில்லை. உங்கள் திட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை புதிய பொருட்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டைத் தாண்டினால் அட்டவணையை நான் நம்பமாட்டேன்.

எட்டாம் படி: ஒப்படைத்தல்

பொறியியலாளர்கள் கை எடுத்த பிறகு, படையணியின் சாதாரண ஆட்களே ஓட்டி, அவர்களே பழுதுபார்த்து, நாட்கணக்கில் தொடர்ந்து பறந்து காட்ட வேண்டும். ஒப்படைக்கும் கோப்பில் முக்கியமான பக்கம், இந்த விமானம் எதைக் காணாது என்று எழுதிய பக்கம். எந்தக் கோணம், எந்தக் காற்று, எந்தக் கடல் என்று தெளிவாக இருக்க வேண்டும். அதை விமானிகளும் திரை பார்ப்பவர்களும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

திருகோணமலையில் நீங்களே செய்து பார்க்க

முன்னெச்சரிக்கை விமானம் எதுவும் இலங்கையிடம் இல்லை. 2022 ஓகஸ்ட் 15ஆம் தேதி இந்தியா டோர்னியர் 228 என்ற கடற்கண்காணிப்பு விமானம் ஒன்றைக் கொடுத்தது. அது கப்பல்களைத் தேடும். வானத்தை முழுக்கக் காவல் காக்கும் வேலை அதனுடையதல்ல. இருந்தாலும் ஐந்தாம் படியின் சாரத்தை இங்கேயே கற்கலாம். தெரிந்த ஸ்கிப்பர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, படகு கட்டியிருக்கும் வேளையில் ராடார் திரையருகே ஒரு மணி நேரம் இருங்கள். ஜிபிஎஸ் உள்ள தொலைபேசியோடு நண்பரொருவரை வள்ளத்தில் அனுப்பி, அவர் இடத்தை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் குமிழை ஐந்து நிலைகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் வள்ளம் தெரிந்ததா இல்லையா, கூடவே எத்தனை பொய்ப் புள்ளிகள் வந்தன என்று எழுதுங்கள். கச்சானில் ஒரு நாள், வாடை தொடங்கும்போது ஒரு நாள். தேதி, நேரம், காற்றின் திசை, அலை உயரம் நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். காற்றின் திசை எழுதாத வரியைப் பெறுபேற்றில் சேர்க்காதீர்கள்.